கைப்பும் கூலியும்: வேம்பு முதல் கரும்புத் தோட்டம் வரை

சுவை ஆறு என்பது நம் முன்னோர் வகுத்த கணக்கு. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, துவர்ப்பு, கைப்பு என்னும் அந்த ஆறனுள் விருந்தினர் எவரும் விரும்பிக் கேளாத சுவை கைப்பு ஒன்றே. அதனைப் பற்றியே இவ்வுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம். இன்று பேச்சிலும் எழுத்திலும் கசப்பு என்றே வழங்குகிறோம். கைப்பு என்பது ஏறத்தாழ நூல்வழக்காகிவிட்டது. ஆயினும் பழைய சொல்லைக் கைவிட நமக்கு மனம் வரவில்லை. கைத்தல் என்னும் வினைக்குக் கசத்தல் என்ற பொருளோடு வெறுத்தல் என்ற பொருளும் உண்டு. நாக்கு உணர்வதையும் நெஞ்சு உணர்வதையும் ஒரே வினையில் வைத்தது தமிழ். ஆங்கிலத்தில் இச்சுவையைக் குறிக்கும் சொல் கடித்தல் என்னும் வேரோடு தொடர்புடையது என்பர் மொழியறிஞர். அவர்களுக்கு அது கடிக்கிறது. நமக்கு அது வெறுக்க வைக்கிறது.

சித்த மருத்துவம் ஒவ்வொரு சுவைக்கும் இரண்டு பூதங்களைக் காரணமாகக் கூறும். மண்ணும் நீரும் கூடினால் இனிப்பு. காற்றும் விண்ணும் கூடினால் கைப்பு. கனமான இரண்டும் இனிப்புக்குப் போயின. எடையற்ற இரண்டும் கைப்புக்கு வாய்த்தன. இக்கால அறிவியலின் கணக்கு வேறு. மனித நாவில் கைப்பை அறிவதற்கு மட்டும் சுமார் 25 வகை ஏற்பிகள் உள்ளன. இனிப்பை அறிய அத்தனை இல்லை. நஞ்சுள்ள செடிகளுட் பல கைக்கும் என்பதால், உயிர் பிழைப்பதற்கு இக்காவல் தேவைப்பட்டது என்று விளக்குவர். 1931இல் அமெரிக்க வேதியியலர் ஆர்தர் ஃபாக்ஸ் தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடியைக் கையாண்டபோது, அருகிலிருந்தவர் அது மிகக் கைப்பதாகச் சொல்ல, ஃபாக்ஸுக்கோ எச்சுவையும் தோன்றவில்லை. ஒருவருக்குக் கைப்பது இன்னொருவருக்குக் கைப்பதில்லை என்பது அவ்வாறு ஆய்வுக்கூடத்தில் உறுதியாயிற்று. சமுதாயத்தில் அது என்றுமே தெரிந்த செய்திதான்.

இனி இலக்கியத்திற்கு வருவோம். கைப்பை வைத்துப் பாடப்பட்ட தமிழ்ப் பாடல்களுள் குறுந்தொகையின் 196ஆம் பாடலை நாம் முதலில் வைப்போம். பாடியவர் மிளைக்கந்தனார். பிரிந்து சென்று மீண்டு வந்து வாயிலில் நிற்கும் தலைவனிடம் தோழி பேசுகிறாள். அன்று என் தோழி வேம்பின் பசுங்காயைத் தந்தாலும் அதனை இனிய வெல்லக்கட்டி என்று சொன்னீர். இன்றோ பாரியின் பறம்புமலைச் சுனையில் தைமாதத்தில் குளிர்ந்து கிடக்கும் நீரைத் தந்தாலும், சுடுகிறது, உவர்க்கிறது என்கிறீர். உம் அன்பின் தன்மை இது, என்கிறாள். கருத்து இவ்வளவே. ஆனால் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைப்பு என்று எவரும் சொல்லவே இல்லை. உண்மையில் கைக்கும் வேப்பங்காயை அவன் இனிப்பு என்றான். உண்மையில் இனிய சுனைநீரை உவர்ப்பு என்றான். இரண்டு பொய்களுக்கும் நடுவே, சொல்லப்படாமல், கைத்துப்போன உறவு நிற்கிறது. பொருளின் சுவை மாறவில்லை, தருபவள் மாறவில்லை, பெறுபவன் மாறினான். உவமை என்று பெயரிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும் வகுப்பறைகளில் இந்நுட்பம் தப்பிவிடுகிறது.

திருக்குறளில் கைப்பு நாவை விட்டுச் செவிக்கு ஏறுகிறது. இறைமாட்சி அதிகாரத்தின் 389ஆம் குறள், செவி கைக்குமாறு சொல்லப்படும் சொற்களைப் பொறுக்கும் வேந்தனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்கிறது. இவ்விடத்தில் நாவுக்குரிய புலனைச் செவிக்கு ஏற்றிச் சொன்னார் என்று பரிமேலழகர் உரை குறித்துக்காட்டும். உருவகம் எவ்வாறு பிறக்கிறது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது: ஒரு புலனின் சொல் இடம்பெயர்ந்து மற்றொரு புலனுக்குப் பணி செய்கிறது. இடித்துரைப்போரின் சொல் அப்போது கைக்கும்; விளைவு கருதி அரசன் அதைப் பொறுக்க வேண்டும். கைக்கும் சொல்லைச் சொல்வதற்கு வள்ளுவர் எவருக்கும் தடை விதிக்கவில்லை. பொறுக்கும் கடமையைத்தான் வலியவன் மேல் வைத்தார்.

நாலடியார் வேம்பை வேறு வகையில் எடுத்தாளும். வேப்பிலைக்குள் வைத்துப் பழுக்க வைத்தாலும் வாழைப்பழம் தன் இனிமையில் திரிவதில்லை. நல்லோர் தீயோரிடையே இருந்தாலும் அத்தகையரே என்பது அதன் கருத்து. இங்கே வேம்பு தீமையின் குறி. ஆனால் அதே வேம்பின் பூவைப் பாண்டியர் தம் குடிக்குரிய மாலையாகச் சூடினர். சேரர்க்குப் பனை, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு. கைக்கும் மரம் ஒன்றை ஓர் அரசகுடி தன் அடையாளமாக்கிக் கொண்டது வியப்புக்குரியது. நெல்லிக்காயும் மூத்தோர் சொல்லும் முன்னே கசந்து பின்னே இனிக்கும் என்னும் பழமொழியை நாம் அனைவரும் அறிவோம். நெல்லியில் உண்மையாக மேலோங்கி நிற்பவை புளிப்பும் துவர்ப்பும். நாவின் கணக்கு பழமொழிக்கு வேண்டியதில்லை போலும். பிடிக்காததெல்லாம் அதற்குக் கசப்பு.

கடல் கடந்து வந்தவர்கள் வேம்பையும் உடன் கொண்டுவந்தனர். பினாங்குத் தீவின் பெயரே ஒரு சுவையின் பெயர் என்பதை இவ்விடத்தில் நினைவூட்ட விரும்புகிறோம். பினாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்று பொருள், பாக்கு துவர்ப்பது. துவர்ப்பின் பெயர் தாங்கிய தீவுக்குக் கைப்பு நம்மோடு வந்து சேர்ந்தது. ஜோர்ஜ்டவுன் குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில் அதன் முதல் நிலைக்களங்களுள் ஒன்று. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவதும், நோயாளியின் உடலை வேப்பிலையால் வருடுவதும், இறங்கியபின் வேப்பிலை இட்ட நீரில் தலைக்கு ஊற்றுவதும் இங்கும் தொடர்ந்தன. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. வேப்பிலை ஒழியவில்லை, சின்னம்மைக்கு இன்றும் வருகிறது. மலாய்க் குடும்பங்களிலும் இதே இலையை இதே நோய்க்கு நாடுவர்; அவர்கள் அதனைச் செமம்பு என்றும் மம்பு என்றும் வழங்குவர். வேம்பு என்னும் ஒலி அச்சொல்லுக்குள் கேட்பதை எவரும் உணரலாம். சித்திரைப் புத்தாண்டில் வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் சேர்ந்த பச்சடி இங்குள்ள வீடுகளிலும் இலையில் விழுகிறது. அதனைக் குழந்தைகள் ஒதுக்குவதும் பாட்டிமார் அதட்டி ஊட்டுவதும் அங்கும் இங்கும் ஒன்றே.

இவ்வளவும் நாமே தேர்ந்துகொண்ட கைப்பு. இனிச் சொல்லப்போவது தேராத கைப்பு.

பட்டினத்தாரைப் பற்றி ஒரு மரபுக் கதை உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வணிகராக இருந்து துறவு பூண்ட அவர், கையில் பேய்க்கரும்பு ஒன்றை ஏந்தி ஊர் ஊராகத் திரிந்தார். அது கைக்கும் கரும்பு. எவ்வூரில் அதன் நுனி இனிக்கிறதோ அவ்வூரே அவர் அடங்கும் இடம் என்பது அவருக்கு உணர்த்தப்பட்டது. திருவொற்றியூரில் அது இனித்தது. கைக்கும் கரும்பு இனித்த கதை இது. பினாங்கின் எதிர்க்கரையில், அன்று வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்டதும் இன்று செபராங் பிறை எனப்படுவதுமான நிலத்தில், 19ஆம் நூற்றாண்டில் நடந்தது இக்கதையின் மறுதலை. அங்கே இனிக்கும் கரும்பு கைத்தது.

முதலில் பத்து காவான் பகுதியில் சீனர் கரும்பு பயிரிட்டனர். 1840களிலிருந்து ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களை அமைத்தனர். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் இயற்றப்பட்ட பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அடிமை என்ற பெயரின்றி அடிமையின் உழைப்பைப் பெறும் வழி ஒப்பந்தமாயிற்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினர். ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல் நிலையம் அமைந்தபின், வந்தவர்களில் பலர் முதலில் கண்டது நகரத்தையன்று, அத்தீவையே. அதே தீவில் தொழுநோயாளர் குடியிருப்பும் இருந்தது. பின் கரையேறி, கலிடோனியா, வால்டோர், பத்து காவான் முதலிய தோட்டங்களில் வரப்பு வெட்டி, களை பறித்து, கரும்பு வெட்டி, ஆலையில் பாகு காய்ச்சினர். பயணச்செலவும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டுக் கூலியில் பிடிக்கப்பட்டன. ஒப்பந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டு நீங்குவது வெறும் ஒப்பந்த மீறலாக எண்ணப்படவில்லை. அது குற்றம், அதற்குச் சிறை உண்டு. இந்த ஒரு விதியைத்தான் நாம் முறையின் நடுநாடி என்போம். கூலி குறைவு என்பதோ வேலை கடினம் என்பதோ உலகில் எங்கும் உள்ளதே. போக விரும்பியவன் போக முடியாது என்பதில்தான் கரும்பு கைத்தது.

மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றது. அதே காலத்தில் கரும்பும் பின்வாங்கியது, ரப்பர் நுழைந்தது, கங்காணி முறை தழைத்து 1938 வரை நீடித்தது. கரும்புத் தோட்டத்துத் துயரம் என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது பாரதியார் பிஜித் தீவின் பெண்களை எண்ணிப் பாடிய பாட்டு. அப்பாட்டைப் பாடத்திட்டத்தில் கற்பிக்கும்போது, பாலத்துக்கு அப்பால் அரைமணி நேரத் தொலைவிலும் அதே பயிர், அதே ஒப்பந்தம், அதே மொழி பேசியோர் இருந்தனர் என்று ஓர் ஐந்து நிமிடம் சொல்லும் ஆசிரியர் நமக்கு வேண்டும். பிஜி தொலைவில் இருப்பதால் அதற்காக அழுவது எளிது.

கூலி என்னும் சொல்லின் பயணம் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. திருக்குறளில் அது மதிப்புள்ள சொல். ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 619ஆம் குறளில், தெய்வம் கைவிட்டாலும் உடல் வருந்திய முயற்சி தரும் பயனுக்கு அதுவே பெயர். அங்கே கூலி ஒரு பொருள், ஓர் உரிமை. ஐரோப்பியர் வாயில் அது ஆளுக்குப் பெயராயிற்று. இச்சொல் தமிழின் கூலியிலிருந்து சென்றது என்பாரும், குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். இரண்டும் கலந்திருக்கக்கூடும் என்பாரும் உளர். எவ்வாறாயினும், வேலையின் பயனைக் குறித்த சொல் வேலை செய்தவனையே குறித்தது. தென்சீனத் துறைமுகங்களிலும் அதே வாணிகம் நடந்ததால் சீனரும் அச்சொல்லை ஏற்றனர். சீன எழுத்தில் அயற்சொல்லை எழுத வேண்டுமாயின், ஒலி ஒத்த, பொருளும் உடைய எழுத்துகளைத் தேர வேண்டும். அவர்கள் தேர்ந்த எழுத்துகள் இரண்டு. முதலாவது கூ: அதன் பொருள் கைப்பு, துன்பம். இரண்டாவது லி: அதன் பொருள் ஆற்றல், உடல்வலிமை. நம் கூலி சீன எழுத்தில் கைப்பான வலிமை ஆயிற்று.

இதை எழுதியவன் எவன் என்று வரலாறு பெயர் குறிக்கவில்லை. ஆனால் அவன் ஒரு நல்ல புலவன் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஒலிபெயர்ப்பு ஒன்றில் ஒரு நூற்றாண்டின் உண்மையை அடைத்துவிட்டான். துன்பம் பொறுத்தலைச் சீனர் கைப்பை உண்ணுதல் என்றே சொல்வர். மலாய்ப் பழமொழியோ, இனிப்பென்று உடனே விழுங்காதே, கைப்பென்று உடனே உமிழாதே என்கிறது. பினாங்குத் தெருவொன்றில் அருகருகே வாழ்ந்த மூன்று மொழியினரும் கைப்பை நாவில் வைத்து வாழ்க்கையைப் பேசினர். பிறர் தந்த பெயரும் காலப்போக்கில் கைப்பதுண்டு. கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் கெலிங் என்ற சொல், 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் பெருமையோடு நிற்கிறது. தெருச்சண்டையில் அதே சொல் வசையாக வீசப்படுகிறது.

தோட்டத்தில் கைப்புக்கு இன்னுமொரு பெயர் இருந்தது: கொயினா. சின்கோனா மரப்பட்டையின் சத்தான இதனை 1820இல் பிரெஞ்சு வேதியியலர் பெல்தியேயும் காவந்துவும் பிரித்தெடுத்தனர். 1860களில் பிரிட்டிஷார் அம்மரத்தை நீலகிரியில் பயிரிட்டனர். நடுவட்டம் பகுதித் தோட்டங்களில் வேலை செய்தவர்களுள் சீனக் கைதிகளும் இருந்தனர். நம் நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னைச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். விடுதலைக்குப்பின் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து வாழ்ந்தவர்களை எட்கர் தர்ஸ்டன் தம் 1909ஆம் ஆண்டு நூலில் குறித்துள்ளார். இங்கிருந்து சென்ற சீனர் அங்கே கைக்கும் பட்டையை வளர்த்தனர். அங்கிருந்து வந்த தமிழர் இங்கே கரும்பை வளர்த்தனர். பேரரசு மனிதரை இடம் மாற்றி நட்ட வகை இது.

மலாயாவில் காடு வெட்டித் தோட்டம் அமைத்த இடமெல்லாம் மலேரியா வந்தது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், வடிகால் வெட்டி நீர் தேங்காமல் செய்து கொசுவைக் கட்டுப்படுத்தலாம் என்று செயலில் காட்டினார். வடிகாலுக்குச் செலவு அதிகம், கொயினா மலிவு. ஆகவே பல தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடும்போதே, டிரெசர் முன்னிலையில் கொயினாவை விழுங்கிய பின்னரே வேலைக்காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கைப்பின் பொருட்டு அதை நாவுக்கடியில் ஒளித்து வைத்து, வழியில் துப்புவாரும் உண்டு. அவர்களை அறியாதவர் என்று ஏளனம் செய்வதற்கில்லை. தன் உடம்புக்கு நல்லது என்றும் துரைக்கு ஆள் குறையாமல் இருக்க வேண்டும் என்றும் ஒரே கைப்பு இரண்டு எசமானர்களுக்கு ஊழியம் செய்தது. எதற்காகத் தருகிறார்கள் என்பதை விழுங்குபவன் அறிவான்.

1942இல் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றினர். உலகின் கொயினாவில் மிகப் பெரும்பகுதி அத்தீவிலிருந்தே வந்தது. அதே ஆண்டு தொடங்கிய சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். 1943 அக்டோபரில் முடிவுற்ற அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையின் ஓரத்தில், வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. கொயினாவின் பிறப்பிடம் ஜப்பானியர் கையில் இருந்தும், அவர்களுக்கு வேண்டிய அளவு அது வந்து சேரவில்லை. பெரட்டில் துப்பிய அதே கைப்புக்காக ஏங்கி இறந்தனர். அவர்களைப் பற்றி ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களைப் பெற்றிருக்கிறோம். இத்துயரின் அளவுக்கு அவை இரண்டும் போதா.

அக்காலத்துப் பினாங்கில் செவி கைக்கும் சொல் ஒன்றும் சொல்லப்பட்டது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜோர்ஜ்டவுன் மீது குண்டுகள் விழுந்தன. சில நாட்களில் ஐரோப்பியர் இரவோடு இரவாகத் தீவை விட்டு வெளியேற்றப்பட்டனர், ஆசியர் கைவிடப்பட்டனர். நூற்றைம்பது ஆண்டுக் காவல் என்ற பேச்சு அன்றிரவு முடிந்தது. எஞ்சிய நகரில், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியரான மாணிக்கசோதி சரவணமுத்து என்னும் இலங்கைத் தமிழர், கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். மேலும் குண்டு விழாதிருக்க, காப்பவர் போய்விட்டனர் என்ற செய்தியை வானொலி வழி அறிவிக்கச் செய்தார். டிசம்பர் 19இல் ஜப்பானியர் நுழைந்தனர். போனவர்களுக்கும் கைத்த செய்தி, இருந்தவர்களுக்கும் கைத்த செய்தி. ஆயினும் அதைச் சொன்னதனால் உயிர்கள் பிழைத்தன. 389ஆம் குறளைக் கற்பிக்கும்போது அமைச்சர்களையே எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பழகிவிட்டோம். பத்திரிகை ஆசிரியர் ஒருவரையும் சொல்லலாம்.

நம்மை நோக்கிச் சொல்லப்பட்ட கைப்பு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. மெடானும் பினாங்கும் ஜப்பானியர் காலமும் அதன் களம். 1972இல் வெளிவந்த அந்நாவல், பழம்பெருமை பேசி மயங்கும் தமிழரின் இயல்பை இரக்கமின்றி எள்ளுகிறது. வெளிவந்த காலத்தில் அதனைப் பெரிதாகக் கொண்டாடியோர் இல்லை. நல்ல வாசகர் கூட்டம் சேர நெடுங்காலம் ஆயிற்று. பினாங்கில் வாழும் தமிழ் மாணவர் தம் ஊர்த் தெருக்களைத் தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றில் காணலாம் என்பதே அதனைக் கையில் எடுக்கப் போதிய காரணம். எடுத்தபின் அது கைக்கும். தமிழர் பெருமை என்னும் தலைப்பில் நாம் நடத்தும் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராக அந்நூலை ஓரமாக உட்கார வைத்தால் என்ன நேரும் என்று நாம் எண்ணிச் சிரித்ததுண்டு.

2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் தீவிலிருந்து கடலைக் கடந்து பத்து காவானில் கரை சேர்கிறது. கரும்பு நின்ற நிலத்தில் ரப்பர் நின்றது, பின் செம்பனை நின்றது, இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. கலிடோனியா, வால்டோர் என்னும் தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இருக்கின்றன. முதலாவது ஸ்காட்லாந்தின் பழம்பெயர். இரண்டாவது பிரெஞ்சு மொழியில் பொற்பள்ளத்தாக்கு. அப்பலகையின் கீழ் நின்று காலைக் கூட்டத்தில் தமிழ் வாழ்த்துப் பாடும் பிள்ளைகளிடம், இப்பெயர் எங்கிருந்து வந்தது, இங்கே முன்பு என்ன விளைந்தது என்று கேட்டால், அடுத்த வகுப்புக்கான கட்டுரைத் தலைப்பு அங்கேயே கிடைக்கும்.